நெய்வேலி மழைநீரும் பரவனாற்று ஏரிகளும்

மழை மிகுந்த ஆண்டில் விளைச்சலும் மிகும் என்பது பொதுவான கருத்து. கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியை அடுத்துத் தாழ்வாக உள்ள கிராமங்களுக்கு இக்கருத்து எப்பொழுதும் பொருந்துவதில்லை. மேட்டிலிருந்து வரும் நீர் மெதுவாகவும் தெளிவாகவும் வருமாயின் ஏரி நிரம்பும். வேகமாகவும் மண்ணைச் சுமந்தும் வருமாயின் ஏரி மேடிடும். மேடிட்ட ஏரி கார்த்திகையில் கரை வழிந்து பயிரை அழிக்கும். தையில் கதிர் முற்றும் தறுவாயில் நீரின்றிக் கிடக்கும். ஒரே ஏரி ஒரே போகத்தில் இருவகைச் சேதமும் விளைவிக்குமாதலால், மேட்டு நிலத்து மழைநீரை அடக்கும் முறைகளை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பிரதேசத்தின் இயல்பு

நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு நிலத்தை அகழத் தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரியைக் கண்டனர். ஒரு டன் கரி எடுப்பதற்கு ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கின்றது. அம்மண் குன்றுகளாகக் குவிக்கப்படுகின்றது. மணலும் களியும் கலந்த இக்குன்றுகளில் புல் பூண்டு படரும்வரை மழைநீர் எளிதில் ஓடை பறித்துக்கொள்ளும். சுரங்கக் குழியில் தேங்கும் மழைநீரும் ஊற்று நீரும் இறைத்து வெளியேற்றப்படுகின்றன. நகரியத்துக் கூரைகளிலும் தார்ச்சாலைகளிலும் விழும் மழையோ மண்ணில் ஊற வழியின்றி உடனே வடிகாலை அடைகின்றது. இந்நீரில் பெரும்பகுதி பரவனாற்றின் வழியே சேத்தியாத்தோப்பை அடுத்த வாலாஜா ஏரியையும், அதற்கப்பால் பெருமாள் ஏரியையும் நோக்கிச் செல்கின்றது. சுரங்க நீர் பல ஆயக்கட்டுகளுக்குப் பாசனமாகவும் உதவுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே நீரைத் தடுப்பதன்று, அதிலுள்ள மண்ணையும் வேகத்தையும் குறைப்பதே செய்யவேண்டிய காரியம்.

1 ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் சேரும். 2015 நவம்பர் 9-ஆம் தேதி நெய்வேலியில் பதிவான மழை 483 மில்லிமீட்டர். அதாவது ஒரே நாளில் ஏக்கருக்கு ஏறத்தாழ 19½ லட்சம் லிட்டர் நீர் வந்தது. அவ்வெள்ளத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் முதலிய கிராமங்கள் பெருஞ்சேதமடைந்தன, உயிர்களும் போயின. அத்தகைய மழையை எந்த ஏற்பாடும் முழுதும் தடுத்துவிடாது. ஆயினும் ஓடைகள் அடைபட்டிருப்பின் சேதம் பன்மடங்காகும், சீராயிருப்பின் குறையும்.

நீர் மண்ணைச் சுமக்கும் விதம்

நீரின் வேகம் இருமடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகின்றது. இதனால் வேகத்தைச் சிறிது குறைத்தாலும் பலன் பெரிதாகும். வேகம் அடங்கிய பின் மண் படியும் காலமோ பருமனுக்குத் தக்கபடி மாறுகின்றது. தேங்கிய நீரில் நுண்மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிஷம் போதும்; வண்டலுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேலாகும்; களித்துகளுக்கு மூன்று நாளுக்கு மேலும் ஆகும். எனவே மணலைக் குட்டையில் பிடிக்கலாம். களியைப் பெருமழைக் காலத்தில் குட்டையில் பிடித்தல் அரிது. களி புறப்படும் இடத்திலேயே அதைத் தடுத்தல் வேண்டும்.

காவல் முறைகள்

1. மண் குன்றுகளைப் படிகளாக அமைத்து, ஒவ்வொரு படியிலும் நீர் உட்புறமாகச் சாய்ந்து வடிகாலில் சேருமாறு செய்தல் வேண்டும். சரிவுகளில் வெட்டிவேரும் புல்லும் மரமும் வளர்த்தல் இன்றியமையாதது.

2. குன்றின் அடிவாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, அந்நீரைப் படிவுக் குட்டைகளில் தேக்கிய பின்னரே ஓடையில் விடவேண்டும். குட்டைகளை ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர் வாராவிடில் அவை இருந்தும் பயனில்லை.

3. குடியிருப்புகளில் கூரை நீரை உறிஞ்சு குழிகளில் இறக்கி, வடிகால்களில் குப்பையும் சாக்கடையும் கலவாமல் காத்தல் வேண்டும்.

4. கிராம ஓடைகளின் கரைகளில் புல்லை விட்டுவைத்து, ஓடையின் உட்புறத்தில் மட்டும் நாணலையும் ஆகாயத்தாமரையையும் அகற்றவேண்டும். கரையைச் செதுக்கி வயலை அகலப்படுத்துவோர் தம் வயலையே வெள்ளத்துக்குத் திறந்துவிடுகின்றனர்.

பொறுப்பு யாருடையது?

நெய்வேலி நகரியத்தின் வடிகால்களைப் பராமரிப்பது என்.எல்.சி. நிறுவனத்தின் நகர நிர்வாகமாகும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. சுரங்கத்திலிருந்து நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரில் மிதக்கும் மண் முதலியவை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. அதைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரோ இவ்வெல்லைகளை அறியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுகின்றது. மேலே ஒரு குட்டை தூர்ந்தால் கீழே ஓர் ஏரி தூர்கின்றது.

புதிய கால்வாய் வெட்டுவதிலும் கவனம் வேண்டும். சுரங்க விரிவின் பொருட்டுப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, 2023 ஜூலை மாதத்தில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற நிலங்கள் இயந்திரங்களால் தோண்டப்பட்டன. நிலங்கள் முன்னரே எடுக்கப்பட்டிருந்தும் அவற்றில் சாகுபடி நடந்து வந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, பயிர் நஷ்டத்திற்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்குமாறு உத்தரவாயிற்று. வேலை தொடங்கும் தேதியை நாற்று விடுமுன் அறிவித்தும், அறுவடை முடியும்வரை பொறுத்தும் செய்வதே இத்தகைய காரியங்களில் உத்தமமான வழி.

கிராமத்தார் செய்யத்தக்கவை

ஆடி மாதத்திலேயே கிராம நிர்வாக அலுவலரும் ஆயக்கட்டுதாரர்களும் ஓடையை அதன் தலைப்பிலிருந்து ஏரிவரை நடந்து பார்வையிடுவது நலம். அடைப்பு, உடைப்பு, ஆக்கிரமிப்பு ஆகியவற்றைச் சர்வே எண்ணுடன் குறித்து உரிய அதிகாரிகளுக்கு அனுப்பவேண்டும்.

முதல் மழையில் ஓடை நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து அசையாமல் வைத்துப் பார்த்தல் எளிய சோதனையாகும். சில நிமிஷங்களில் அடியில் மணல் படிந்தால், அருகில் கரை உடைப்போ ஓடை அரிப்போ இருத்தல் கூடும். மறுநாளும் நீர் கலங்கலாகவே இருப்பின், மேலே வெறுமையான சரிவிலிருந்து களி கரைந்து வருகின்றதென ஐயுறலாம். தேதியும் இடமும் குறித்த இக்குறிப்பை வைத்துக்கொண்டு, வாரியத்தாரை முறைப்படி சோதிக்குமாறு கேட்கலாம்.

ஏரியில் படிந்த வண்டலை வட்டாட்சியரின் அனுமதி பெற்று எடுத்து, முந்திரியும் மணிலாவும் விளையும் செம்மணல் நிலங்களில் இட்டால் ஈரம் தங்கும், ஏரியும் ஆழமாகும். ஆயினும் வாரிய வண்டல் மறு ஆண்டே வந்து சேருமாயின் அவ்வுழைப்பு வீணாகும். ஏரியைக் காக்கும் வேலை ஏரிக்கரையில் தொடங்குவதன்று; மழைத்துளி மண்ணில் விழும் இடத்திலேயே தொடங்குகின்றது.