'லைன்' என்னும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'லைன்' என்பது சிறு பிள்ளையும் அறிந்த சொல்லாகும். அதனைத் தமிழாக்குதல் எளிதென்றே யானும் எண்ணியிருந்தேன். மொழிபெயர்ப்புப் பயிற்சியில், செய்யுளைப் பற்றியதொரு வாக்கியத்தில் அதனைக் 'கோடு' என்றெழுதி, வகுப்பாரின் நகைப்புக்கு ஆளான பின்னரே அதன் ஆழம் எனக்குப் புலனாயிற்று.

ஆளிச்செடியின் நாரால் திரித்த நூலைக் குறித்த லத்தீன் சொல்லே இதற்கு மூலம். நூல் நேரே நீளுமாதலின், கோடு, வரிசை, இருப்புப்பாதை, தூண்டிற்கயிறு, குலவழி, செய்யுளின் அடி ஆகிய யாவும் அப்பெயரே பெற்றன. செய்யுளிலோ மற்றுமொரு வேடிக்கை உண்டு. அவர்தம் 'லைன்' நமக்கு அடி. அடியென்று பொருள்படும் அவர்தம் 'புட்' நமக்குச் சீர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் இங்கே இடறி வீழ்தல் திண்ணம்.

நம் சொற்கள் மட்டும் ஒரு பொருளோடு அமைந்தனவோ? 'வரி' எழுத்தின் வரியுமாம், அரசிறையுமாம். 'கோடு' கொம்பு, மரக்கிளை, மலைமுடி எனப் பலவாம். கோடுதல் என்பதோ வளைதல்! அதனாலன்றோ வள்ளுவர் நடுவுநிலை பிறழாமையைக் 'கோடாமை' என்றார். மரத்தின் கோட்டத்தைத் தச்சனது நூல் தீர்ப்பதுபோல, மனத்தின் கோட்டத்தைக் கற்கும் நூல் தீர்க்கும் என்பது நன்னூலார் கருத்து. லத்தீனியர் நூலிலிருந்து கோட்டிற்குச் சென்றனர். நம்மவர் நூலிலிருந்து கல்விக்குச் சென்றனர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கென வரிசையாகக் கட்டிய சிற்றறைகளை வெள்ளையர் 'லைன்' என்றனர். அதுவே அம்மக்கள் நாவில் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் ஆயிற்று. இசைக்குரிய இன்பச்சொல்லொன்று இருளடைந்த அறைக்குப் பெயராயினமை நெஞ்சை வருத்துகின்றது.

எம்மூராகிய கே.ஜி.கண்டிகையில் இச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டுவதில்லை. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையில் நிற்பதும் லைன். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு ரயில் செல்வதும் லைன். மின்சாரம் வருவதும் லைன்.

ஆயினும் எம்மவர் வாழ்வைத் தொட்ட லைன் வேறொன்றாகும். 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாவோடு அப்பால் நின்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்தனர். படாஸ்கர் என்பார் இரு தரப்பையும் ஆராய்ந்து முடிவு கூறினார். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. வீடு பெயராமலே எம் முதியோர் ராஜ்யம் மாறினர். அந்த லைனை 'எல்லைக்கோடு' என்கிறோம். அதற்கு அப்பால் தமிழ் பேசுவோரும் இப்பால் தெலுங்கு பேசுவோரும் இன்றும் உளர். எங்கள் கடைத்தெருவில் விலை கேட்பது ஒரு மொழியாகவும் விடை வருவது மற்றொரு மொழியாகவும் இருக்கும்.