4 ஜிபி ரேமில் இசட்எஃப்எஸ் ஓடுமா?

போட்டோ ஸ்டுடியோ நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என்னிடம் பழைய கோர் 2 டுவோ கணினி இருக்கிறது. ரேம் 4 ஜிபி. இரண்டு 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மிரர் போட்டு, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் கல்யாணப் படங்களைச் சேமித்து வைக்க ஆசை. விசாரித்த இடமெல்லாம், ‘ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும், அதுவும் ஈசிசி ரேம் வேண்டும், இந்தக் கணினியை எடைக்குப் போடுங்கள்’ என்கிறார்கள். போட்டுவிடலாமா?”

போடாதீர்கள். 4 ஜிபியில் இசட்எஃப்எஸ் ஓடும். நீங்கள் சொல்லும் வேலைக்கு நன்றாகவே ஓடும். கூடுதல் ரேமுக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால் அதை இரண்டாவது டிஸ்க்குக்கே கொடுங்கள்.

“டிபிக்கு ஒரு ஜிபி” என்பது பொய்க் கணக்கு அல்ல, ஆனால் உங்களுக்கான கணக்கும் அல்ல. ஒரே நேரத்தில் பலர் வேலை செய்யும் பெரிய சேமிப்பு சர்வர்களுக்குத் தோராயமாகச் சொன்னது அது. ட்ரூநாஸ் போன்ற முழுத் தொகுப்புகள் குறைந்தது 8 ஜிபி கேட்பதும் உண்மைதான். அவற்றுக்கு இணையப் பக்கம், கூடுதல் சேவைகள் என்று சுமக்க நிறைய இருக்கிறது. இசட்எஃப்எஸ் மட்டும் தனியாக அவ்வளவு கேட்பதில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் 2001இல் இதை எழுதத் தொடங்கினார்கள். 2005இல் ஓப்பன்சோலாரிஸில் வெளிவந்தது. வீட்டுக் கணினிக்கு 512 எம்பி, 1 ஜிபி ரேம் என்பதே வழக்கமாக இருந்த காலம் அது.

ரேமை இது எதற்குப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். டிஸ்க்கிலிருந்து படித்ததை மறுபடி கேட்டால் உடனே தருவதற்காக ரேமில் ஒரு கேஷ் வைத்திருக்கிறது. அதன் பெயர் ஆர்க். ஐபிஎம் ஆய்வாளர்கள் நிம்ரோட் மெகிடோவும் தர்மேந்திர மோதாவும் 2003இல் வெளியிட்ட முறையை ஒட்டியது. சமீபத்தில் தொட்டவை ஒரு பட்டியல், அடிக்கடி தொடுபவை இன்னொரு பட்டியல் என்று இரண்டு வைத்துக்கொண்டு, எதற்கு இடம் அதிகம் தேவையோ அதற்கு ஒதுக்கும். சமையலறை அஞ்சறைப்பெட்டி மாதிரி. பெட்டி சின்னதாக இருந்தால் பரணுக்கு அதிகத் தடவை ஏற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பரணில் இருக்கும் மூட்டைக்கு ஒன்றும் ஆகாது. ரேம் குறைந்தால் குறைவது வேகம். தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் செக்சம் சரிபார்ப்பு, ஸ்நாப்ஷாட், மிரரில் கெட்ட பிரதியை நல்ல பிரதியிலிருந்து திருத்திக்கொள்வது, இவை எல்லாம் அப்படியே இருக்கும்.

லினக்ஸில் பலரைப் பயமுறுத்துவது “ஃப்ரீ” கட்டளை காட்டும் எண். இரவு முழுக்கப் படங்களை ஏற்றிவிட்டுக் காலையில் பார்த்தால், 4 ஜிபியில் 2 ஜிபிக்கு மேல் “யூஸ்ட்” என்று நிற்கும். எந்த நிரலும் ஓடவில்லை, பிறகு யார் தின்றது? ஆர்க்தான். மற்ற ஃபைல் சிஸ்டங்களின் கேஷ் “பஃப்/கேஷ்” என்ற நெடுவரிசையில் தனியாகத் தெரியும். ஆர்க்கின் பங்கு “யூஸ்ட்” கணக்கில் போய் விழும். மற்ற நிரல்கள் கேட்டால் ஆர்க் விட்டுக்கொடுக்கும். ஆனால் கொஞ்சம் நிதானமாகத்தான் கொடுக்கும். சின்ன ரேமில் அந்த நிதானமே ஆபத்து: திடீரென்று ஒரு நிரல் 500 எம்பி கேட்கும்போது, ஆர்க் சுருங்குவதற்குள் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடலாம்.

அதனால் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது ஆர்க்குக்கு உச்சவரம்பு போடுவது. லினக்ஸில் பழைய பதிப்புகள் ரேமில் பாதியை உச்சமாக வைத்துக்கொண்டன. ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 முதல் கணக்கு மாறிவிட்டது. 1 ஜிபியை மட்டும் விட்டுவிட்டு மீதியை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்பதே இயல்பு அமைப்பு. உங்கள் கணினியில் அது 3 ஜிபி. வரம்பு போடாமல் விட்டவர்கள் பதிப்பை மேம்படுத்தியதும் தடுமாறும் இடம் இது. மோட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் இசட்எஃப்எஸ் தொகுதிக்கான “ஆர்க் மேக்ஸ்” அளவுருவை பைட் கணக்கில் எழுத வேண்டும். 1 ஜிபி என்றால் 1073741824. 512 எம்பி என்றால் 536870912. எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்து, கணினியை மறுபடி துவக்குங்கள். 4 ஜிபி கணினிக்கு 1 ஜிபி வையுங்கள். 2 ஜிபி கணினிக்கு 512 எம்பி. 64 எம்பிக்குக் கீழே அதுவே ஏற்காது.

ரேமை உண்மையிலேயே விழுங்குவது டீடூப். ஒரே தரவு இரண்டு இடத்தில் இருந்தால் ஒரு பிரதி மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி. கேட்க இனிமையாக இருக்கும். உங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அட்டவணை வரி வேண்டும், ரேமில் அது ஏறத்தாழ 320 பைட் பிடிக்கும். 1 டிபியை 128 கேபி துண்டுகளாக வெட்டினால் 83,88,608 துண்டுகள். பெருக்கிப் பாருங்கள், 2.5 ஜிபி வருகிறது. துண்டுகள் சிறியதானால் இன்னும் கூடும். உங்கள் மொத்த ரேமும் அந்த அட்டவணைக்கே போய்விடும். போதாதபோது ஒவ்வொரு முறை எழுதும்போதும் அட்டவணையைத் தேடி டிஸ்க் தலை அங்குமிங்கும் ஓடும். கணினி உறைந்துவிட்டதோ என்று தோன்றும். பிறகு டீடூப்பை அணைத்தாலும் பழைய அட்டவணை போகாது, அதன் கீழ் எழுதிய தரவை வேறு இடத்துக்கு நகலெடுத்து அழித்தால்தான் போகும். கல்யாணப் படங்களில் ஒன்றைப் போல் இன்னொன்று பைட்டுக்கு பைட் இருப்பதில்லை, ஆகவே மிச்சமாகும் இடமும் ஒன்றுமில்லை. எல்இசட்4 சுருக்கத்தை மட்டும் போட்டு வையுங்கள். பழைய பிராசஸருக்கும் அது சுமை இல்லை.

“ரேம் குறைவா, எஸ்எஸ்டியைக் கேஷாகப் போடு” என்று யாராவது சொல்வார்கள். எல்2ஆர்க் எனப்படும் அந்த எஸ்எஸ்டி கேஷில் என்னென்ன இருக்கிறது என்ற குறிப்பு ரேமில்தான் இருக்கும். ரேம் பற்றாத வீட்டில் அது இன்னொரு செலவு. எஸ்எஸ்டி கிடைத்தால் அதில் இயங்குதளத்தையும் ஸ்வாப்பையும் வையுங்கள். ஸ்வாப்பை இசட்எஃப்எஸ் பூலுக்குள், அதாவது அந்த மிரருக்குள், வைக்காதீர்கள். நினைவகம் நெருக்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருந்து கணினியே நின்றுவிடும்.

இனி ஈசிசி, அதாவது தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம். ரேமில் கெட்டுப்போன தரவு செக்சம் போடுவதற்கு முன்பே கெட்டிருந்தால், தவறான படத்துக்குச் சரியான செக்சம் கிடைத்துவிடும். ஈசிசி இருந்தால் அதைத் தடுக்கும், அதனால் இருப்பது நல்லது. ஆனால் இந்த ஆபத்து எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் எதிலும் உண்டு. ஈசிசி இல்லையென்றால் இசட்எஃப்எஸ் போடக் கூடாது, பழைய ஃபைல் சிஸ்டத்தில் படங்களைப் போடலாம் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

ரேமின் அளவைவிட அதன் உடல்நிலையைப் பாருங்கள். நான் ஒரு பழைய கணினியை இதற்காகத் தயார் செய்தபோது கேபினெட்டைத் திறந்து தூசி ஊதி, இரண்டு டிடிஆர்2 ரேம்களையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடைத்துச் செருகினேன். கணினி சுத்தமாக எழுந்தது. லினக்ஸ் போட்டேன், எல்லாம் சரி. ஆனாலும் மெம்டெஸ்ட்86+ஐ யுஎஸ்பியில் போட்டு இரவு ஓடவிட்டேன். முதல் இரண்டு சுற்று சுத்தம். காலையில் பார்த்தால் மூன்றாவது சுற்றில் சிவப்பு வரிகள். ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே ஓட்டியதில் ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை. தேறாததைத் தூர எடுத்துப் போட்டு, 2 ஜிபியோடு மட்டும் பூலை உருவாக்கினேன். நல்ல 2 ஜிபி, சந்தேகமான 4 ஜிபியைவிட மேல். நீங்களும் ஓர் இரவு முழுக்க ஓட்டாமல் ஒரு படத்தைக்கூட ஏற்றாதீர்கள்.

அப்படியும் ரேம் கூட்டத்தான் வேண்டும் என்றால், வாங்கும் முன் மதர்போர்டின் சிப்செட்டைப் பாருங்கள். ஜி31 என்றால் 4 ஜிபியோடு முடிந்தது. ஜி41 என்றால் 8 வரை போகலாம்.

32 பிட் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. ஆட்டம் என்270 போட்ட நெட்புக் போன்றவற்றில் கெர்னலுக்குக் கிடைக்கும் முகவரி இடமே குறுகியது. ரேம் இருந்தாலும் இசட்எஃப்எஸ் அதற்குள் மூச்சுத் திணறும். ஃப்ரீபிஎஸ்டி கையேடு ஒரு காலத்தில் 1 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு ஆர்க்கை 40 எம்பியாகக் குறுக்கும் அமைப்பைக் கொடுத்திருந்தது. ஓட்டிக் காட்ட முடியும், நம்பிப் படங்களை ஒப்படைக்க முடியாது. அங்கே எக்ஸ்ட்4 போதும். 64 பிட், ஆனால் 1 ஜிபிதான் என்றால் பிடிஆர்எஃப்எஸ் மிரரைப் பாருங்கள். அதிலும் செக்சம், ஸ்நாப்ஷாட் உண்டு. லினக்ஸின் பொதுக் கேஷையே பயன்படுத்துவதால் நெருக்கடி குறைவு. அதன் ரெய்டு 5, 6 பக்கம் மட்டும் போக வேண்டாம். அரசு தந்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா கிடக்கிறது, அதில் செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே டிஸ்க் இருந்தால் இசட்எஃப்எஸ் கெட்டதைக் கண்டுபிடித்துச் சொல்லும், திருத்த இரண்டாவது பிரதி இருக்காது.

உங்கள் கணினியில் வேகத்தைக் கட்டிப்போடப் போவது ரேம் அல்ல, அநேகமாக நெட்வொர்க் போர்ட். அந்தக் காலத்துப் பல போர்டுகளில் 100 எம்பிபிஎஸ்தான். நொடிக்கு 12 எம்பிக்கு மேல் போகாது. ஒரு ஜிகாபிட் கார்டு செருகினால் ரேமை இரட்டிப்பாக்குவதைவிட வித்தியாசம் தெரியும். இசட்எஃப்எஸ்ஸின் என்கிரிப்ஷனையும் தவிருங்கள். கோர் 2 டுவோவில் அதற்கான ஏஇஎஸ் வன்பொருள் உதவி இல்லை, ஒவ்வொரு படமும் பிராசஸரைப் பிழிந்துவிடும்.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருக்கும் தரவின் மேலேயே எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பிறகே சுட்டியை மாற்றுவது இசட்எஃப்எஸ்ஸின் வழி. பட்டென்று கரண்ட் போனால் கடைசி சில நொடிகளில் எழுதியது போகலாம், பூல் குலையாது. 2 ஜிபி ரேமிலும் இது இப்படியேதான்.

டெபியன், உபுண்டு போட்டால் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தானாக ஸ்க்ரப் ஓடும். டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் படித்துச் செக்சத்தோடு ஒப்பிடும். ஞாயிறு ஸ்டுடியோவைப் பூட்டிக் கணினியையும் அணைத்துவிடுவீர்கள் என்றால் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்ததும் “ஜீபூல் ஸ்டேட்டஸ்” கட்டளையில் கடைசி நெடுவரிசை 0 ஆக இருக்க வேண்டும். வேறு எண் தெரிந்தால் டிஸ்க்கைக் கழற்றும் முன் சாட்டா கேபிளை மாற்றி, எண்ணிக்கையை அழித்துவிட்டு, இன்னொரு ஸ்க்ரப் ஓட்டிப் பாருங்கள். பழைய கேபினெட்டில் பல வருடம் மடங்கிக் கிடந்த கேபிள் அது.