அமெரிக்காவில் நிலக் காப்பாளர் பணி

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் "நடைபாதை பாத்தியம்", "வாய்க்கால் பாத்தியம்" என்னும் சொற்களைக் காண்கிறோம். நிலம் ஒருவருக்கு உரியதாயிருக்க, அதன் வழியே நடந்து செல்லவோ நீர் கொண்டு செல்லவோ அண்டை நிலத்தாருக்கு உள்ள உரிமையே அது. நிலம் கைமாறினும் அவ்வுரிமை மாறுவதில்லை. இதனை ஒத்த ஒரு முறையை அமெரிக்க ஐக்கிய நாட்டினர் விளைநிலங்களையும் காடுகளையும் காப்பதற்குப் பயன்படுத்தி வருகின்றனர். அம்முறையையும், அதனை நடத்தும் நிலக் காப்பாளரின் பணியையும் ஈண்டு ஆராய்வோம்.

உரிமையின் இயல்பு

குடியானவர் ஒருவர் தம் நிலத்தைத் தாமே உழலாம், விற்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். ஆனால், அதனை மனைகளாகப் பிரிக்கும் உரிமையையும், பத்திரம் அனுமதிக்காத கட்டடங்களை எழுப்பும் உரிமையையும் என்றென்றைக்குமாகத் துறந்துவிடுகிறார். அப்பத்திரம் ஒரு நில அறக்கட்டளையின் பெயருக்கோ அரசாங்க அமைப்பின் பெயருக்கோ பதிவாகிறது. துறந்த உரிமையை அறக்கட்டளை தானும் பயன்படுத்த இயலாது. பிறரும் பயன்படுத்தாமல் தடுக்கும் அதிகாரமே அதற்கு உண்டு.

நம் பாத்தியம் அண்டை நிலத்தைச் சார்ந்தது. இங்கோ, அறக்கட்டளைக்கு அருகில் நிலம் ஏதும் இருக்கவேண்டுவதில்லை. பழைய சட்ட வழக்கில் இத்தகைய உரிமை செல்லுமா என்னும் ஐயம் இருந்தது. அதனைப் போக்க 1981ஆம் ஆண்டில் ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது; பல மாநிலங்கள் அதனைத் தழுவிச் சட்டம் இயற்றின.

கலிபோர்னியா மாநிலத்தில் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மாரின் மாவட்டம் உள்ளது. அங்குள்ள பால்பண்ணைகளெல்லாம் நகரத்து மனைகளாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. பால்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த எலன் ஸ்ட்ராஸ், தாவர இயல் அறிந்த பிலிஸ் பேபர் ஆகிய இரு பெண்மணிகள் முன்னின்று 1980ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். அது பண்ணைகளை விலைக்கு வாங்கவில்லை. மேற்கூறிய உரிமையை மட்டுமே வாங்கியது. பண்ணையும் குடியானவரும் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

காப்பாளர் செய்வன

முதலாவது பணி, பத்திரம் பதிவாகும் காலத்தில் நிலம் இருந்த நிலையை எழுதி வைத்தலாகும். வீடு, வேலி, பாதை, ஓடை, மரத்தோப்பு ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. எந்த இடத்தில் நின்று, எத்திசை நோக்கிப் புகைப்படம் எடுக்கப்பட்டது என்பதும் எழுதப்படுகிறது. இப்பதிவேட்டின் உண்மைக்கு உரிமையாளரும் அறக்கட்டளையும் கையொப்பமிடுகின்றனர்.

இரண்டாவது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் நிலத்தைப் பார்வையிடுதல். காப்பாளர் உரிமையாளருக்கு முன்னரே அறிவித்துவிட்டுச் செல்கிறார்; எல்லையைச் சுற்றி நடக்கிறார்; பழைய இடங்களிலேயே நின்று மீண்டும் படம் எடுக்கிறார். அண்டை வீட்டார் வேலி உள்ளே நகர்ந்துள்ளதா, ஓடைக்கரையில் மண் கொட்டப்பட்டுள்ளதா என்று நோக்குகிறார். செயற்கைக்கோள் படங்கள் இந்நாளில் பெருந்துணை புரிகின்றன. எனினும், உரிமையாளருடன் அமர்ந்து பேசும் பணியை அவை செய்யமாட்டா.

மூன்றாவது, உரிமையாளரின் கேள்விகளுக்குப் பத்திரத்தைப் படித்து எழுத்து மூலம் விடையளித்தல். புதிய மாட்டுக்கொட்டகை கட்டலாமா என்று அவர் கேட்கும்பொழுது, ஆம் என்றோ அன்று என்றோ தெளிவாகச் சொல்லவேண்டும்.

சோதனை வரும் காலம்

பத்திரம் எழுதிக் கொடுத்தவர் தம் சொல்லை எளிதில் மறவார். தொல்லை பெரும்பாலும் அடுத்த உரிமையாளரிடம் தோன்றுகிறது. நிலத்தை வாங்கியவர் பத்திரத்தைக் கருத்தூன்றிப் படியாமல் ஓடைக்கரையில் வீட்டிற்கு அடித்தளம் இடுகிறார் என்று கொள்வோம். அடித்தளத்தின்போதே காப்பாளர் கண்டால் நல்ல வார்த்தையில் நிறுத்திவிடலாம். வீடு கட்டிக் குடிபுகுந்தபின் கண்டாலோ வழக்கும் பகையுமே மிஞ்சும். வழக்கு மன்றத்திலும், முன்பு நிலம் இருந்த நிலையை மெய்ப்பிக்க அந்தப் பதிவேடே சாட்சி. ஏடு இல்லையேல் சொல் எடுபடாது.

ஆகவேதான், நல்ல அறக்கட்டளைகள் உரிமையை ஏற்கும்பொழுதே கண்காணிப்புக்கும் வழக்குச் செலவுக்கும் தனி நிதி ஒதுக்குகின்றன. ஆண்டுதோறும் சென்று பார்க்க வகையின்றி நிலத்தை ஏற்பது, காக்க இயலாத வாக்கைக் கொடுப்பதாகும்.

நாம் அறியவேண்டுவது

"என்றென்றைக்கும்" என்னும் சொல்லைப் பத்திரத்தில் ஒருமுறை எழுதிவிடலாம். அதனை மெய்யாக்குவதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. நம் ஏரிகளும் மேய்ச்சல் புறம்போக்குகளும் வேறு சட்டங்களுக்கு உட்பட்டவை. எனினும், அளந்த எல்லையும், எழுதிய ஏடும், நடந்து பார்க்கும் கால்களும் அவற்றிற்கும் இன்றியமையாதவை. தங்கள் ஊர் ஏரியின் எல்லைக் கற்கள் எங்கே உள்ளன என்பதை வாசகர்கள் இம்மாதமே ஒருமுறை நடந்து பார்ப்பார்களாக!