உருளும் கற்களும் உடன் வந்தோரும்

இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்னும் இசைக்குழு 1962 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12 ஆம் நாள் லண்டன் மாநகரின் மார்க்கீ மன்றத்தில் முதன்முதலாக மேடையேறியது. ‘உருளும் கற்கள்’ என்பது அப்பெயரின் பொருள். மட்டி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. அதே குழு 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்தது. இடையில் கழிந்தவை 62 ஆண்டுகள். முதல் நாள் மேடையில் நின்றவர்களுள் 2024 ஆம் ஆண்டின் மேடையிலும் நின்றவர்கள் இருவரே: பாடகர் மிக் ஜாகர், கித்தார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ்.

ராக் இசை என்றதும் எங்கள் வீட்டுப் பெரியோர் ஒலியைக் குறைக்கச் சொல்வர். அவர்கள் அஞ்ச வேண்டா. நாம் இங்கு ஆராயப் புகுவது ஓசையை அன்று, ஆட்களை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, பெயர் மட்டும் மாறாத ஒரு குழுவில் ‘உறுப்பினர்’ என்பவர் யார்? உடன் நின்று வாசிப்பவர் எல்லாரும் உறுப்பினர் ஆவரா? இவ்வினாவுக்கு இக்குழுவின் வரலாற்றைப் போல விடை தருவது வேறொன்று இல்லை எனலாம்.

முதலில் நாம் அறிய வேண்டியவர் இயன் ஸ்டூவர்ட். 1962 ஆம் ஆண்டில் பிரையன் ஜோன்ஸ் என்ற இளைஞர் குழு அமைக்க விரும்பி இசைப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தபோது, முதலில் வந்து சேர்ந்தவர் இவரே. பியானோ வாசிப்பதில் வல்லவர். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், அகன்ற தாடை, பருத்த உடல், நேரான பேச்சு. 1963 ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் என்பவர் குழுவின் மேலாளராக வந்தார். அவருக்கு அப்போது 19 வயதுதான். ஆறு பேர் என்றால் இரசிகர்கள் முகங்களை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதிலும் ஸ்டூவர்ட்டின் தோற்றம் மற்றவர்களோடு பொருந்தவில்லை. இவ்வாறு கருதி அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். வாசிப்பில் குறை கண்டு நீக்கவில்லை. புகைப்படத்திற்குப் பொருந்தவில்லையாம்!

நாமாக இருந்தால் அன்றே பெட்டியைக் கட்டியிருப்போம். ஸ்டூவர்ட் போகவில்லை. குழுவின் வண்டியை ஓட்டினார். வாத்தியப் பெட்டிகளைச் சுமந்தார். இசைத்தட்டுப் பதிவுகளிலும் மேடையிலும் வேண்டியபோது பியானோ வாசித்தார். அதிலும் தமக்குப் பிடிக்காத சோக சுரக்கட்டுகள் வரும் பாடல் என்றால் வாசிக்க மறுத்து, இருக்கையை வேறொருவருக்கு விட்டுவிடுவார். இப்படி 22 ஆண்டுகள். 1985 டிசம்பர் 12 அன்று மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 47. மறு ஆண்டு வெளிவந்த இசைத்தட்டின் இறுதியில் அவருடைய பியானோ வாசிப்பில் சிறிது சேர்த்து, அத்தட்டை அவருக்கே காணிக்கையாக்கினர். 1989 இல் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் குழுவின் பெயர் பொறிக்கப்பட்டபோது, ஸ்டூவர்ட்டின் பெயரும் உறுப்பினர் வரிசையில் இடம்பெற்றது. அதைக் காண அவர் இல்லை.

அடுத்த மாற்றம் துயரமானது. குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் 1969 ஜூன் மாதம் விலக நேர்ந்தது. போதைப் பழக்கத்தால் அவரது வாசிப்பு தளர்ந்து போயிருந்தது. ஜூலை 3 அன்று தம் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார், வயது 27. இரண்டே நாளில், ஜூலை 5 அன்று, லண்டன் ஹைடு பூங்காவில் இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் குழு வாசித்தது. ஜோன்ஸ் இடத்தில் நின்றவர் மிக் டெய்லர் என்னும் 20 வயது இளைஞர். இறந்தவருக்கு அஞ்சலியும் தமக்கு அரங்கேற்றமும் ஒரே மேடையில்! அவர் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் வகுப்பில் நெடுநேரம் பேசிக்கொண்டோம். டெய்லர் 1974 இறுதியில் விலகினார்.

அவருக்குப் பின் வந்தவர் ரானி வுட். 1975 ஆம் ஆண்டின் இசைப்பயணத்திற்கு அவர் வந்தது இரவலாக. அப்போது அவர் ‘ஃபேசஸ்’ என்ற வேறொரு குழுவின் கலைஞர். அவ்வாண்டின் இறுதியில் அக்குழு கலைந்தது, இரவல் நிலைத்துவிட்டது. ஆயினும் புகைப்படத்தில் உறுப்பினராகச் சிரித்துக்கொண்டிருந்த வுட், கணக்குப் புத்தகத்தில் நெடுங்காலம் சம்பளக்காரராகவே இருந்தார். வருவாயில் பங்காளியானது பல ஆண்டுகள் கழித்துத்தான். ஆகவே, உறுப்பினர் என்னும் ஒரே சொல்லுக்குள்ளும் படிகள் உண்டு என்பது விளங்கும்.

இனிப் பேஸ் கித்தாருக்கு வருவோம். பில் வைமன் 1962 டிசம்பரில் சேர்ந்து, 1990 வரை குழுவோடு பயணம் செய்து, 1993 இல் விலகுவதாக அறிவித்தார். அவரிடத்திற்கு வந்தவர் சிகாகோ நகரத்து டேரில் ஜோன்ஸ். ஜாஸ் இசை மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தவர். அவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸிடம் விடப்பட்டது. பேஸும் டிரம்ஸும் இணைந்து நடக்க வேண்டியவை அல்லவா? டேரில் ஜோன்ஸ் 1994 ஆம் ஆண்டுப் பயணம் முதல் 2024 ஆம் ஆண்டுப் பயணம் வரை வாசித்திருக்கிறார். வைமன் மேடையில் நின்ற காலத்தைவிட இது நீண்டது. எனினும் வைமன் உறுப்பினர். டேரில் ஜோன்ஸ் அமர்த்தப்பட்ட கலைஞர். நம் ஊர்க் கச்சேரி அழைப்பிதழிலாவது பக்கவாத்தியக்காரர் பெயர் பாடகர் பெயருக்குக் கீழே அச்சாகும். இங்கே விளம்பரத் தாளில் அவர் முகமே இல்லை. இது முறையா என்று கேட்டால், எங்களுக்குள் இரண்டு கட்சி. பெயரை உண்டாக்கியவருக்கே அப்பெயர் உரியது என்பது ஒரு கட்சி. முப்பது ஆண்டு உழைப்பைவிட வேறென்ன உரிமை வேண்டும் என்பது மறு கட்சி. இதை எழுதும் நாங்கள் இரண்டாம் கட்சி.

சாக்ஸபோன் வாசித்த பாபி கீஸ், கீத் ரிச்சர்ட்ஸ் பிறந்த அதே 1943 டிசம்பர் 18 அன்று பிறந்தவர். 1973 இல் பயணத்தின் நடுவே குழுவை விட்டுப் போனார். (காரணம் பள்ளி மலரில் எழுதத் தக்கதன்று.) பின்னர்த் திரும்பி வந்து, 2014 இல் இறக்கும் வரை குழுவோடு இருந்தார். 1982 இல் வந்த சக் லீவெல், ஸ்டூவர்ட்டோடு ஒரே மேடையில் விசைப்பலகை வாசித்தவர். எந்தப் பாடல் எந்தச் சுருதி, என்ன வேகம், எங்கே நிறுத்தம் என்பதையெல்லாம் கையால் எழுதிக் குறிப்பேடுகளாக வைத்திருப்பவர் இவரே. குழுவின் நினைவாற்றல் பக்கவாத்தியக்காரர் ஒருவரின் குறிப்பேட்டில் இருக்கிறது!

எல்லா மாற்றங்களிலும் பெரியது 2021 ஆம் ஆண்டு நேர்ந்தது. சார்லி வாட்ஸ் 1963 ஜனவரி முதல் டிரம்ஸ் வாசித்து வந்தார். அவர் கையின் தனித்தன்மையை இங்குச் சற்று விளக்க வேண்டும். டிரம்ஸ் வாத்தியத்தில் ‘ஹை-ஹாட்’ என்ற இரட்டைத் தகடு உண்டு. தண்டில் மாட்டிய பெரிய ஜால்ரா என்று எண்ணிக்கொள்ளலாம். பெரும்பாலோர் ஒரு கையால் அதை இடைவிடாது தட்டிக்கொண்டே, இரண்டாம் நான்காம் எண்ணிக்கையில் மறு கையால் நடுப்பறையை அடிப்பர். வாட்ஸ் அந்த இரு எண்ணிக்கையிலும் தகட்டுக் கையைத் தூக்கிவிடுவார். பறையின் அடி மட்டும் தனித்துக் கேட்கும். மேலும், பல குழுக்களில் டிரம்ஸைப் பின்பற்றியே கித்தார் நடக்கும். இங்கோ கீத் ரிச்சர்ட்ஸின் கித்தாரைப் பின்பற்றி டிரம்ஸ் நடந்தது. அதனால் உண்டாகும் மயிரிழைத் தாமதமே இக்குழுவின் நடையழகு.

2021 ஆகஸ்டு மாதம், உடல்நலக் குறைவால் தாம் பயணத்திற்கு வர இயலாது என்று வாட்ஸ் அறிவித்தார். நண்பர் ஸ்டீவ் ஜோர்டன் தற்காலிகமாக வாசிப்பார் என்றும் சொல்லப்பட்டது. அம்மாதம் 24 ஆம் நாள், 80 வயதில், வாட்ஸ் காலமானார். செப்டம்பர் 26 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் பயணம் தொடங்கியபோது, திரையில் அவர் படங்களைக் காட்டி, டிரம்ஸ் ஒலியை மட்டும் ஒலிக்கவிட்ட பின்னரே கச்சேரி ஆரம்பமாயிற்று. தற்காலிகம் எனப்பட்ட ஜோர்டன் 2024 ஆம் ஆண்டுப் பயணத்திலும் அதே இருக்கையில் இருந்தார்.

அந்த 2024 ஆம் ஆண்டு மேடையை எண்ணிப் பார்ப்போம். உறுப்பினர் மூவர்: ஜாகர், ரிச்சர்ட்ஸ், வுட். உடன் வந்தோர் எண்மர்: டிரம்ஸுக்கு ஜோர்டன், பேஸுக்கு டேரில் ஜோன்ஸ், விசைப்பலகைக்கு லீவெல், மேட் கிளிஃபோர்டு, சாக்ஸபோனுக்கு கார்ல் டென்சன், டிம் ரீஸ், பின்குரலுக்கு பெர்னார்டு ஃபவுலர், ஷனேல் ஹேன்ஸ். பதினொருவருள் எண்மர் இல்லையென்றால் மூவர் என்ன செய்ய முடியும்?

அதற்கு முந்திய ஆண்டு, 2023 அக்டோபரில், ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதில் ஒரு பாடலில் டிரம்ஸ் வாசித்திருப்பவர் சார்லி வாட்ஸ். இறப்பதற்கு முன் பதிவு செய்து வைத்தது. பேஸ் கித்தாருக்கு, விலகி முப்பது ஆண்டுகள் கழித்து, பில் வைமனை அழைத்து வந்தனர். இயன் ஸ்டூவர்ட் அமர்ந்திருக்க வேண்டிய பியானோவில் அமர்ந்தவர் எல்டன் ஜான்.