பெங்களூருவின் மென்பொருள் வேலைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூருவில் மென்பொருள் வேலைகள் ஏன் இத்தனை குவிந்திருக்கின்றன என்ற கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் அந்நகரத்தின் குணநலன்களை அடுக்குவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு தொழில் ஓரிடத்தில் ஏன் தொடங்கியது என்பதும், தொடங்கிய பின் ஏன் அங்கேயே தங்கிப் பெருகியது என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதைப் பெரும்பாலோர் கருதிப் பார்ப்பதில்லை.

நம்பிக்கை: இதமான தட்பவெப்பமே நிறுவனங்களை அழைத்து வந்தது.

கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூருவின் கோடை கடுமை குறைந்தது என்பது மெய்தான். ஆயினும் அந்நகரத்தில் மென்பொருள் நிறுவனங்கள் திரண்டுள்ள எலக்ட்ரானிக்ஸ் சிட்டியிலிருந்து 25 கிலோமீட்டருக்குள், ஏறக்குறைய அதே உயரத்தில் உள்ள ஓசூர், மென்பொருளுக்காக அன்றி அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகளுக்காகவே அறியப்படுகிறது. வெயிலுக்குப் பேர்போன ஐதராபாத்தும் சென்னையும் இத்துறையில் முன்னணி நகரங்களாக வளர்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், தட்பவெப்பம் குடியிருப்போருக்குக் கிடைத்த உபரி வசதி என்பதற்கு மேல் இந்த வாதத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை.

நம்பிக்கை: 1991க்குப் பிந்தைய தாராளமயமும் வரிச்சலுகையுமே இந்நகரத்தை உருவாக்கின.

இந்த விளக்கம் கதையை நடுவிலிருந்து தொடங்குகிறது. இந்திய அறிவியல் கழகம் 1909இல் நிறுவப்பட்டது. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940இலும், தொலைபேசிக் கருவிகள் செய்த ஐடிஐ 1948இலும், எச்எம்டி 1953இலும், படைத்துறைக்கு மின்னணுக் கருவிகள் செய்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954இலும் அங்கே எழுந்தன. இவற்றில் ஒன்றுகூட மென்பொருளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டதில்லை. எனினும் மின்னணுவியல் கற்றவர்களையும், அவர்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகளையும், பொறியாளர் வேலையைக் கௌரவமாகக் கருதும் ஒரு நடுத்தர வர்க்கத்தையும் இரண்டு தலைமுறைக் காலத்தில் அவை அந்நகரத்தில் சேர்த்துவைத்தன. கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமான கியோனிக்ஸ் 1976இல் தொடங்கப்பட்டு, அதன் தலைவர் ஆர். கே. பாலிகாவின் முன்முயற்சியால் எலக்ட்ரானிக்ஸ் சிட்டிக்கு நிலம் ஒதுக்கியபோதும், தாராளமயம் வெகுதொலைவில் இருந்தது. புனேவில் 1981இல் பிறந்த இன்ஃபோசிஸ் 1983இல் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் அங்கே வடிவமைப்பு மையம் அமைத்து, தனக்கென ஒரு செயற்கைக்கோள் இணைப்பின் வழியே வேலையைக் கடல் கடத்தியது. எழுதிய நிரலை வெளிநாட்டுக்கு அனுப்பப் பொறியாளரையே விமானமேற்றுவது பெருவழக்காக இருந்த காலம் அது.

அத்தகைய இணைப்பைச் சிறு நிறுவனங்களும் கட்டணம் செலுத்திப் பகிர்ந்துகொள்ள வழிசெய்தவை, 1991 முதல் மத்திய அரசு நடத்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள். அவற்றின் உறுப்பினர்களுக்கு வருமான வரி விலக்கும் கிடைத்தது. ஆனால் அது நாடு முழுமைக்குமான திட்டம். புனேவும் புவனேஸ்வரும் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றன. எல்லா ஊர்களுக்கும் பொதுவாகக் கிடைத்த சலுகை, ஓர் ஊர் மட்டும் ஏன் முந்தியது என்பதை விளக்காது. அந்த வரிவிலக்கு 2011இல் முடிவுக்கு வந்தபோது நிறுவனங்கள் பெங்களூருவைக் காலி செய்யவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதலில் தொடங்கியவருக்கே வெற்றி என்றும் இதற்குப் பொருள் கொள்ள முடியாது: டிசிஎஸ் பிறந்தது 1968இல் பம்பாயில், மின்னணு ஏற்றுமதிக்கென முதல் சிறப்பு மண்டலம் 1973இல் அமைந்ததும் அங்கேதான். முன்னணியில் இருந்த பம்பாயில் நிலத்தின் விலையும் வங்கி, வணிகத் துறைகளின் போட்டியும் பொறியாளரை வேறு பக்கம் இழுத்தன என்று கருத இடமுண்டு.

நம்பிக்கை: மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் வேலை செய்யலாம், ஆகவே வாடகையும் நெரிசலும் மிகுந்த நகரத்தை நிறுவனங்கள் விரைவில் கைவிடும்.

பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில், ஒரே தொழில் ஓரிடத்தில் திரள்வதற்கு மூன்று காரணங்கள் கூறினார்: திறனுள்ள உழைப்பாளர் ஒருங்கே கிடைப்பது, துணைத்தொழில்கள் அருகில் வளர்வது, தொழில் நுணுக்கம் வாய்வழியே பரவுவது. மென்பொருளில் முதற்காரணமே மற்ற இரண்டையும் விஞ்சி நிற்கிறது. அரிய திறன் ஒன்றில் தேர்ந்த 40 பேரை மூன்று மாதத்தில் திரட்ட வேண்டிய நிறுவனம், அத்தகையோர் ஆயிரக்கணக்கில் வாழும் ஊரையே நாடும். வாடகையில் மிச்சமாகும் தொகை, ஆள் கிடைக்காமல் திட்டம் தள்ளிப்போவதால் நேரும் இழப்புக்கு ஈடாகாது. வேலை பார்ப்பவரின் கணக்கும் இதுவே: ஒரு நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தாலும், வீட்டையோ பிள்ளைகளின் பள்ளியையோ மாற்றாமல் அடுத்த நிறுவனத்தைத் தேட முடிகிற ஊரில் அவர் துணிந்து குடியேறுகிறார். இவ்வாறு ஒரு தரப்பின் வரவு மறு தரப்பை ஈர்க்க, அந்த வரவே முந்தைய தரப்பினரை மேலும் ஈர்க்கிறது. நெரிசலும் வாடகையும் இந்த ஈர்ப்பின் விளைவுகளே. அவை அதனை முறியடிக்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

இதில் சட்டத்திற்கும் பங்குண்டு. தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஆகவே வேலையை விட்டவரைப் போட்டி நிறுவனத்தில் சேரவிடாமல் தடுக்கும் நிபந்தனை பொதுவாக நீதிமன்றத்தில் நிற்பதில்லை. அதே 1872இல் கலிபோர்னியா இயற்றிய சட்டத்திலும் இதே விதி உண்டு. இரண்டுக்கும் மூலம் நியூயார்க்குக்காக அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டு வகுத்த வரைவே. சிலிக்கான் பள்ளத்தாக்கின் வளர்ச்சிக்கு அவ்விதி துணைநின்றது என்று ஆய்வாளர் பலர் வாதிடுகின்றனர். இந்தியாவிலோ அது எல்லா ஊருக்கும் பொருந்துவது. தாவிச் செல்ல அடுத்த நிறுவனம் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஊரில்தான் அதன் பலன் முழுமையாகக் கிட்டும். மூன்று மாத முன்னறிவிப்புக் காலம் என்று நிறுவனங்கள் போட்டுவைத்திருக்கும் வேலி, அந்தத் தாவலைத் தாமதப்படுத்துகிறதே தவிரத் தடுப்பதில்லை.

2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர் பலர் சொந்த ஊர்களிலிருந்தே வேலை செய்தனர். தொற்று அடங்கியபின் பல நிறுவனங்கள் வாரத்தில் சில நாளேனும் அலுவலகத்துக்கு வரச் சொன்னபோது, அவர்கள் திரும்ப வேண்டியிருந்தது பழைய நகரங்களுக்குத்தான்.

நம்பிக்கை: வேலைகள் மிகுந்த ஊரில் வேலை கிடைப்பது எளிது.

அனுபவமுள்ளவருக்கு இது பெருமளவு பொருந்தும். புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு நிலை வேறு. வேலைகள் திரண்ட இடத்தில் அவரைப் போன்றோரும் திரண்டிருப்பர், விளம்பரங்களில் பெரும்பகுதி இரண்டு, மூன்று ஆண்டு அனுபவம் கேட்கும், ஒரே காலியிடத்தை ஆளெடுக்கும் முகவர்கள் பலர் தனித்தனியே விளம்பரப்படுத்துவதும் உண்டு. பெரும் சேவை நிறுவனங்கள் புதியவர்களைப் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கல்லூரிகளின் வளாகத் தேர்விலேயே எடுத்துக்கொள்கின்றன. கோயம்புத்தூரில் படித்து இன்ஃபோசிஸுக்குத் தேர்வாகும் மாணவருக்கு அந்நிறுவனத்தின் பெரிய பயிற்சி வளாகம் இருப்பது மைசூருவில். பெங்களூருவுக்கு முன்கூட்டியே வந்து அறையெடுத்துக் காத்திருந்தவருக்கு அந்தத் தேர்வில் தனிச்சலுகை எதுவுமில்லை.