கமக்காரர் வீட்டுக்கு ஏற்ற காற்றமுக்கி

இருசில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கும் நெடுந்தீவுக் கமக்காரர், சில்லுக்குக் காற்றடிப்பதற்காகக் குறிகட்டுவானுக்கு வள்ளமேறினால் ஒரு வேலைநாள் கழிந்துவிடும். ஆதலின் வீட்டுக் கராச்சில் ஒரு காற்றமுக்கி இருப்பது ஆடம்பரமன்று.

பெரியது வேண்டியதில்லை. இவ்வியந்திரத்தின் சில்லுக்குச் சதுர அங்குலத்திற்கு 15 முதல் 30 இறாத்தல் அமுக்கமே பொதுவாகப் போதும். 1 குதிரைவலு மோட்டரும் 24 லீற்றர் தாங்கியும் உடையது இதனை எளிதிற் செய்யும். மோட்டர் தொடங்குங் கணத்தில் வழக்கத்தினும் பல மடங்கு மின்னை இழுக்கும். எனவே, சொந்த மின்பிறப்பாக்கியில் இயக்குவோர் மோட்டரைப்போல் மூன்று மடங்கு வலுவுள்ள பிறப்பாக்கியையாவது வைத்திருத்தல் நன்று.

தாங்கியைப் பற்றியே மிகுந்த கவனம் வேண்டும். அமுக்கப்பட்ட காற்றின் ஈரம் நீராகி அதன் அடியில் தங்கும். உள்ளே துருப்பிடித்துத் தகடு மெலியும். வெளியே கடற்காற்று அரிக்கும். மெலிந்த தாங்கி வெடித்தால் அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. நாள்தோறும் வேலை முடிந்ததும் காற்றைக் குறைத்து, அடித்திருகைத் திறந்து நீரை வெளியேற்றுக. காப்பு வால்வின் வளையத்தை இடையிடையே இழுத்துக் காற்று வெளிப்படுகின்றதா எனப் பார்க்க.

மலிவென்று பழைய தாங்கியை வாங்கவேண்டாம். அதற்குப் புதுவர்ணம் பூசியிருந்தால் ஐயம் இன்னும் மிகும். அடியிற் கசிவு கண்டால் ஒட்டுப்போட முயலாது கழித்துவிடுக.

மண்வெட்டி தீட்ட 4½ அங்குல அராவும் பொறி போதும். தட்டிற் பொறித்துள்ள சுழற்சி எண், பொறியின் எண்ணிலும் குறைந்திருக்கலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்தே இயக்குக.