பல குழுக்கள், ஒரு மென்பொருள்

கல்லூரியில் ஒரு விழா நடக்கவிருக்கிறது. வரவேற்புக் குழு, மேடை அலங்காரக் குழு, ஒலியமைப்புக் குழு, சிற்றுண்டிக் குழு என வேலைகள் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு குழுவும் தன் வேலையைச் செவ்வனே முடிக்கிறது. ஆனால் விழா தொடங்கும்போது ஒலிபெருக்கி அலங்காரத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அழைக்கப்பட்டோர் 200 பேர்; சிற்றுண்டியோ 150 பேருக்குத்தான். எந்தக் குழுவும் சோம்பியிருக்கவில்லை. குழுக்கள் சந்திக்கும் இடத்தை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

பெரிய மென்பொருள்களை உருவாக்குவோரும் இதே இடத்திற்றான் இடறுகின்றனர். கணினித் துறையில் கால்பதிக்க எண்ணும் மாணவியர் நிரல் எழுதுவதோடு இதனையும் அறிந்திருத்தல் நன்று.

வேலை தாமதமாகிறதென்றால் இன்னும் ஆட்களைச் சேர்க்கலாமே என்று நாம் நினைப்போம். ஐ.பி.எம். நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிகளுக்கான பணிசெயல் முறைமையின் உருவாக்கத்தை வழிநடத்திய பிரெட்ரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட தமது நூலில் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்குப் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்றார். புதியவருக்குப் பழையவரே கற்றுக்கொடுக்க வேண்டும். அத்துடன் ஒருவரோடொருவர் பேசவேண்டிய வழிகளும் பெருகிவிடும். 5 பேர் இருந்தால் இருவரிருவராகப் பேசும் வழிகள் 10. 10 பேருக்கு 45. 50 பேருக்கு 1225.

ஆகவே, பெருங்கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரிப்பது அவசியமாகிறது. ஆனால் பிரித்ததும் குழுக்களுக்கிடையே எல்லைகள் தோன்றுகின்றன. மெல்வின் கொன்வே என்பவர் 1968இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒரு நிறுவனம் ஆக்கும் முறைமை அந்நிறுவனத்தினர் தம்முள் தொடர்பாடும் விதத்தையே ஒத்திருக்கும் எனக் குறிப்பிட்டார். இரு குழுக்கள் சரியாகப் பேசிக்கொள்ளாவிடின் அவை எழுதும் மென்பொருட் பகுதிகளும் சரியாகப் பொருந்தா.

இதற்கு மறக்கமுடியாத சான்று, செவ்வாய்க் கோளின் காலநிலையை ஆராய்வதற்காக நாசா 1998 டிசெம்பர் 11ஆம் திகதி ஏவிய 'மார்ஸ் கிளைமேற் ஓர்பிற்றர்' விண்கலம். அதனை வடிவமைத்தது லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனம். பயணத்தை வழிநடத்தியது கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துகை ஆய்வுகூடம். கலத்தின் சிறு உந்துபொறிகள் தந்த கணத்தாக்கை முதற் குழுவின் தரைநிலைய மென்பொருள் இறாத்தல்-விசை செக்கனில் கணித்து அனுப்பியது. மற்றக் குழு அதனை நியூற்றன் செக்கன் என எடுத்துக்கொண்டது. இவ்விரு அலகுகளுக்குமிடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு உண்டு.

1999 செப்டெம்பர் 23ஆம் திகதி செவ்வாயை அடைந்தபோது கலம் மேற்பரப்பிலிருந்து சுமார் 226 கிலோமீற்றர் உயரத்தில் செல்லவேண்டியிருந்தது. சென்றதோ சுமார் 57 கிலோமீற்றர் உயரத்தில். அத்துடன் அது தொலைந்துபோனது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மெற்றிக் அலகையே பயன்படுத்த வேண்டும் என்ற எழுத்துமூல உடன்பாடு முன்னரே இருந்தது. பயணத்தின் இடையே கணிப்புகள் பொருந்தவில்லை என்பதைச் சிலர் கண்டுமிருந்தனர். ஆனால் அவர்களுடைய ஐயம் உரிய முறையில் பதிவாகி, உரியவரால் தீர்க்கப்படவில்லை. மென்பொருளைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றாக இணைத்துச் சோதித்ததும் போதவில்லை என விசாரணைக் குழு கண்டது.

இதிலிருந்து பல குழுக்கள் இணைந்து பணியாற்றுவதற்கான நான்கு பாடங்களைப் பெறலாம்.

முதலாவது, ஒரு குழு மற்றொன்றுக்குக் கொடுப்பது என்ன, எந்த வடிவில், எந்த அலகில் என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்ளல்.

இரண்டாவது, எழுதியதோடு நின்றுவிடாமல், பகுதிகளை அடிக்கடி இணைத்துச் சோதித்தல். கடைசி வாரத்தில் இணைத்தால் பிழையைத் திருத்த அவகாசம் இராது.

மூன்றாவது, ஐயம் எழுப்புவோருக்குத் தெளிவான வழி இருத்தல். 'ஏதோ சரியில்லை' என்று சொல்பவர் இளையவராயினும் அவருக்கு விடை கிடைக்கவேண்டும்.

நான்காவது, பகுதிகளுக்குத் தலைவர்கள் இருப்பதுபோல் முழுமைக்கும் பொறுப்பான ஒருவர் இருத்தல்.

அடுத்த முறை வகுப்பில் ஒரு குழுச் செயற்றிட்டம் தரப்பட்டால், 'என் பகுதி முடிந்துவிட்டது' என்று கொப்பியை மூடுமுன் பக்கத்துக் குழுவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நாங்கள் தருவது உங்களுக்குப் பொருந்துகிறதா?" விண்ணில் ஒரு கலத்தைக் காத்திருக்கக்கூடிய கேள்வி அது.